கண்டுபிடித்தவர் பெயர்

இரும்பைக் கவ்வும் வைஸின் கைப்பிடியை இன்னும் கால் சுற்றுத் திருப்பியதும் முதலாளி கலீல் ரஹ்மான் பாயின் விரல் எலும்பு நொறுங்கியது கார்மேகத்தின் உள்ளங்கைக்கே தெரிந்தது. பதினோரு வருடமாக இரும்பை இறுக்கிய கை அது. எது இரும்பு, எது எலும்பு என்று அதற்குத் தெரியாமல் போகுமா? பாய் வாய் கிழியக் கத்தினார். பக்கத்துப் பட்டறையில் கிரைண்டர் ஓடியது. வளைகுடாப் பட்டறைப் பேட்டையான முசஃபாவில் பட்டப்பகலில் யார் கத்தினால் யாருக்குக் கேட்கப்போகிறது?

எல்லாம் ஒரு கவ்வியால் வந்தது. ஆழ்துளைக் கிணற்றிலிருந்து மோட்டாரைத் தூக்கும்போது குழாய் நழுவி உள்ளே விழுந்தால் கிணறே போச்சு. பாரம் கூடக்கூட இன்னும் இறுக்கிப் பிடிக்கிற மாதிரி, பழைய லாரி ஸ்பிரிங் பட்டையில் கார்மேகம் ஒன்று செய்தான். பாய் அதைக் கென்யாவுக்கு அனுப்பும் சாமான்களோடு அனுப்பிப் பார்த்தார். அங்கே ஆளாளுக்குக் கேட்டார்கள். எவனாவது காப்பியடிப்பதற்குள் காப்புரிமை வாங்கணும், இங்கே வாங்கினால் அங்கே செல்லாது, நைரோபியில் ஏஜெண்ட் வைத்துத்தான் மனுப் போடணும் என்று பாய்தான் ஓடியாடினார். கார்மேகம் அன்றே ஊருக்குப் போன் போட்டு, தன் பெயர் ஒரு நாட்டு சர்க்கார் காகிதத்தில் ஏறப்போகிறது என்று பெண்டாட்டி ராக்கம்மாவிடம் சொல்லிவிட்டான். அவள் தெருவுக்கே சொல்லிவிட்டாள்.

போன வாரம் மனுக் காகிதம் வந்தது. பாய் விரல் வைத்த இடத்தில் கார்மேகம் கையெழுத்துப் போட்டான். லீவு பாரமோ விசா பாரமோ, விரல் வைத்த இடத்தில் போடுவதுதான் அவன் வழக்கம். படித்துக் காட்டச் சொன்னால் பாயைச் சந்தேகப்பட்ட மாதிரி ஆகிவிடுமே. இன்று காலை, கவ்விக்குப் படம் வரைந்து கொடுத்த சரவணகுமார் அதன் நகலைப் புரட்டினான்.

"என்னண்ணே, நீங்க சாட்சிதானா? கண்டுபிடிச்சவரு இர்ஷாத்துன்னு போட்டிருக்கு."

இர்ஷாத் பாயின் மகன். இன்ஜினியரிங் படிக்கிறான். ஸ்பேனரில் எது பெரிசு, எது சிறிசு என்று கேட்டால் முழிப்பான்.

பாய் மழுப்பவில்லை. "ஒனக்கு என்னத்துக்குடா பேரு? பேர வச்சா வெல்டிங் அடிக்கப்போற?" என்று சிரித்தார்.

கார்மேகம் அவர் பிடரியைப் பிடித்து முகத்தைப் பெஞ்சில் மோதினான். மூக்கு உடைந்து சட்டையெல்லாம் ரத்தம். மறுபடி மோதினான். பிறகு வலது கையை இழுத்து வைஸின் வாய்க்குள் கொடுத்தான். இடம் காட்டிய கை அதுதானே.

"தம்பி, ஏஜெண்டுக்குப் போன் போடு. பேர மாத்த என்ன செய்யணும்னு கேளு."

சரவணகுமார் போன் போட்டான். அந்தப் பக்கம் ஒரு பெண் நிதானமாகப் பேசினாள். மனு நாளைக்குத்தான் போகிறதாம். இன்றைக்கே வேறு பாரம் அனுப்பினால் போதுமாம். அவன் அதை டைப் அடித்து எடுத்துவந்து பெஞ்சில் வைத்தான்.

"பாய் கையெழுத்து வேணுமாம்ணே. பாஸ்போர்ட்ல உள்ள மாதிரியே இருக்கணுமாம். மாறுனா எடுத்துக்க மாட்டாங்களாம்."

கார்மேகம் அவசரமாக வைஸைத் தளர்த்தினான். வெளியே வந்தது கை மாதிரியே இல்லை. நீலம் பாரித்து, சுட்டுவிரல் பின்பக்கமாகத் திரும்பியிருந்தது.

"போடுங்க பாய்."

பாய் அழுகையை நிறுத்திவிட்டு அவனை நிமிர்ந்து பார்த்தார்.

"எந்தக் கையால போடச் சொல்ற, கார்மேகம்?"

பேனா உருண்டு தரையில் விழுந்தது. கார்மேகம் குனிந்து எடுத்தான். சட்டை நுனியால் அந்தக் கையின் ரத்தத்தைத் துடைத்து, பேனாவை நடுவில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக அதன்மேல் மடக்கினான். விட்டதும் அவை திறந்துகொண்டன. மறுபடியும் கட்டைவிரலிலிருந்து மடக்க ஆரம்பித்தான், மெதுவாக, வலிக்காமல்.