கோழிக்கு வைச்ச தணல்

என்ரை மனுசன் நீக்கிலாப்பிள்ளைக்கு ஒண்டைச் சொன்னா சுவருக்குச் சொன்ன மாதிரி. இந்தக் குளிர் தேசத்து லாசால் நகரத்திலை வீட்டுக்குப் பின்னாலை ஆரும் கோழி வளப்பினமே? இவர் வளத்தார். பலகையாலை கூடு, அதுக்குள்ளை சூட்டுக்கு ஒரு சிவத்த பல்ப். பிள்ளையளுக்குச் சப்பாத்து வாங்க மறந்தாலும் கோழிக்கு வைக்கோல் வாங்க மறக்கமாட்டார்.

தொண்ணூத்தெட்டு தை மாதம் ஐஸ் மழை பெய்து ஊர் முழுக்கக் கரண்ட் போச்சு. வீடு விறைச்சுது. பிள்ளையள் மூண்டும் மேல் அறையிலை போர்வையளுக்குள்ளை கிடக்குதுகள். இவருக்கு நினைப்பெல்லாம் அணைஞ்ச பல்ப்பிலை.

"அக்னெஸ், கோழியளின்ரை கொண்டை நுனி கறுக்கத் துவங்கீட்டுது!" எண்டு ஓடி வந்தார்.

"கறுக்கட்டும். இஞ்சை பிள்ளையளின்ரை மூக்கைப் பாருங்கோ," எண்டன்.

கேக்கிற ஆளே? வீட்டுக்குக் கீழை இருக்கிற கராஜுக்குள்ளை கோழியளைக் கொண்டுபோய் விட்டார். கதவிடுக்கு, யன்னலிடுக்கு எல்லாம் என்ரை பழைய சேலையளாலை அடைச்சார். வெளியிலை பார்பிகியூ கரியை மூட்டி, தணலை இரும்புச் சட்டியிலை அள்ளி வந்து நடுவிலை வைச்சார்.

"இஞ்சேருங்கோ, அடைச்ச இடத்திலை நெருப்பு வைக்கலாமோ?"

"புகை இல்லாத தணலடி. நீ மூத்தவளைப் பெத்துக் கிடந்த அறையிலை கொம்மா தணல் வைக்கேல்லையே? செத்தே போனனீ?"

அதுவும் சரிதான் எண்டு நான் மேலை பிள்ளையளிட்டைப் போயிட்டன். ஊரிலை பிள்ளை பெத்த அறையிலை தணல் வைக்காத வீடு எங்கை இருக்கு? அந்த அறையிலை ஓட்டு இடுக்காலை வானம் தெரியும் எண்டது எங்கள் ரெண்டு பேருக்கும் நினைவுக்கு வரேல்லை.

மத்தியானம் சாப்பிடக் கூப்பிட இறங்கினன். கீழை ஒரு சத்தமும் இல்லை. கதவைத் திறந்தா வெக்கை முகத்திலை அடிக்குது. கோழியள் எல்லாம் காலை நீட்டினபடி சரிஞ்சு கிடக்குதுகள். இவர் கவிட்டுப்போட்ட வாளியிலை இருந்தபடி சுவரிலை சாய்ஞ்சிருக்கிறார். முகம் நல்ல சிவப்பு. கலியாணத்தண்டும் அந்த முகத்திலை அப்பிடி ஒரு நிறத்தை நான் காணேல்லை.

"இஞ்சேருங்கோ!" அசைவில்லை. "ஐயோ மாதாவே!"

கராஜ் கதவுச் சுவிச்சை அமத்துறன், அமத்துறன், கதவு அசையேல்லை. கரண்ட் இல்லையெண்டதே மறந்துபோச்சு. தணலின்ரை நச்சுக் காத்தாலை எனக்கும் தலை சுத்துது. பனி வழிக்கிற சவலாலை யன்னலை உடைச்சன். பேந்து அவரைக் கக்கத்திலை பிடிச்சு, பக்கக் கதவாலை வெளியிலை ஐஸுக்கு இழுத்தன். என்னைவிட ரெண்டு மடங்கு பாரம். எங்கையிருந்து பலம் வந்ததோ தெரியாது.

"கண்ணைத் திறவுங்கோ! திறவாட்டிக் கொல்லுவன்!" எண்டு கன்னத்திலை மாறி மாறி அடிச்சன்.

கனநேரத்தாலை சத்தி எடுத்தார். பேந்துதான் கண் திறந்தார்.

"கோழியள்?"

"செத்துப்போச்சு. நீங்களும் போகப் பாத்தியள், விசர் மனுசா!"

"நல்லா வெக்கை பிடிச்சிருந்ததடி," எண்டார். "மெத்தையும் விரிச்சுப்போட்டன். பிள்ளையளை இறக்கிக் கொண்டுவந்து படுத்துவமெண்டு..."

கராஜுக்கு நேர மேலைதான் பிள்ளையளின்ரை அறை. அவரை ஐஸிலையே விட்டிட்டு ஓடினன். மூண்டும் நித்திரை. ஒவ்வொண்டாப் பிடிச்சு உலுப்பி, கிள்ளி, அழப் பண்ணினன். கடைசியாளின்ரை குரலும் கேட்டாப் பிறகுதான் எனக்கு மூச்சு வந்துது.