அத்தானுக்கு வந்த உரு

விரதத்துக்குக் குளிசை குற்றமில்லையாம். எங்கட அத்தான் இராசதுரை கண்ணகி அம்மாள் சடங்குக்குச் சோறு தண்ணி இல்லாமக் கிடந்து, சீனி வருத்தக் குளிசைய மட்டும் மஞ்சத்தண்ணியோட ஒழுங்கா விழுங்கியிருக்கார். "குளிசை என்ன சாப்பாடா புஸ்பம்?" எண்டு பிறகு என்னிட்டயே கேட்டார். எனக்கும் அதே வருத்தம்தான். சாப்பிடாட்டிக் குளிசை போடாதீங்க எண்டு கிளினிக் மிஸி தொண்டை கிழியக் கத்துவா. இந்த மனிசன் கேட்டாத்தானே!

விரதம் மதுஷனுக்காக. என்ட அக்கா சீதேவிப்பிள்ளைக்கும் அத்தானுக்கும் அவன் ஒரே மகன். போன மாரியில வாவி முட்டி, தண்ணி கடலுக்கு ஓட முகத்துவாரம் வெட்டின நேரம் வலை எடுக்கப் போன புள்ள. தோணி மட்டும்தான் கரைக்கு வந்திச்சு. உடம்பு கடலுக்குப் போயிருக்கும் எண்டு எல்லாரும் சொல்லிப் பாத்தாச்சு. அக்கா இன்னும் அவனுக்குச் சோறு போட்டு மூடி வைக்கா.

வவுணதீவுக் கோயில்ல மத்தியான மடைப் பூசைக்குப் பறை முழங்கக்குள்ள அத்தான் ஆடத் தொடங்கினார். வாழ்நாள்ல அவருக்கு உரு வந்ததில்ல. கை நடுங்குது, கண் எங்கயோ பாக்குது, வேர்வை ஆறா ஓடுது. சனம் கும்பிட்டு வழி விட்டிட்டு. பறைகாரரும் வேகத்தக் கூட்டினாங்க.

"அம்மா... குளிருது..." எண்டார் அத்தான். குரல் மெலிஞ்சு குழறிச்சு.

அக்கா ஓடிப்போய்க் காலைக் கட்டிப் பிடிச்சா. "மனே! மதுஷன்! எங்கடா கிடக்காய்?"

"இருட்டு... தண்ணி... வீட்ட போவம்மா..."

சத்தியமாச் சொல்றன், எனக்கும் மயிர் கூச்செறிஞ்சிட்டு. மதுஷன்ட குரலேதான். நான் தூக்கி வளத்த புள்ளயல்லவா? ஒரு கணம் எனக்கும் அந்தக் குரல இன்னும் கேக்கணும் போல இருந்திச்சு.

விழாமப் பிடிப்பம் எண்டு அத்தான்ட கையத் தொட்டன். பச்சத்தண்ணி மாதிரிக் குளிர். அந்தக் குளிர் எனக்கும் ஒருக்கா வந்ததுதான்.

"அக்கா, இது மதுஷன் இல்ல. சீனி இறங்கிட்டு. மனிசன் செத்திருவார், விலகு!"

"தொடாத! என்ட புள்ள கதைக்கான்!"

அவள இழுத்து விட்டன். மடையில அம்மாளுக்கு வைச்ச சக்கரைப் பானக்கச் செம்பத் தூக்கினன். "பூசை முடியல்ல, பாதகத்தி!" எண்டு கட்டாடியார் பூசையை விட்டிட்டு ஓடி வந்தார். பாவம் எனக்கு வரட்டும் எண்டு, விழுங்க விழுங்கக் கொஞ்சம் கொஞ்சமாப் பருக்கினன்.

கொஞ்ச நேரத்தில அத்தான் சனத்தப் பாத்து முழிச்சார். "என்ன கூட்டம்?"

அக்கா என்னைப் பாத்த பார்வை இருக்கே! "என்ட புள்ளைய ரெண்டாந்தரம் சாகடிச்சிட்டாய்," எண்டா.

நல்லாத்தானே இருக்கார், வீட்ட கொண்டு போங்க எண்டு சனம் சொல்லிச்சு. நான் கேக்கல்ல. ஆஸ்பத்திரியில சேலைன் ஏத்தினாங்க. குளிசை இன்னும் உடம்புக்குள்ள வேலை செய்யும், திரும்பவும் இறங்கும், வேர்த்தாலும் பினாத்தினாலும் உடனே கூப்பிடுங்க எண்டு டொக்டர் அக்காட்டயும்தான் சொன்னார்.

தேத்தண்ணி வாங்கிட்டு வந்து பாக்கன், அத்தான்ட சேட்டு நனைஞ்சு கிடக்கு, உதடு அசையுது. அக்கா அவர்ட வாயோட காதை வைச்சுக் குனிஞ்சிருக்கா.

"உஷ்... வந்திட்டான்," எண்டா.

நான் போட்ட சத்தத்தில வாட்டே எழும்பிட்டு. மிஸிமார் ஓடி வந்து ஊசி போட்டாங்க. அத்தான் பிழைச்சார்.

அடுத்த நாள் அக்கா முகம் கழுவப் போன நேரம் அத்தான் என்னக் கிட்டக் கூப்பிட்டார். "அந்தக் குளிசையெல்லாம் எங்க?"

"குப்பையில. டொக்டர் வேற தருவார்."

"ஒண்டாவது வைச்சிருக்கலாமே, புஸ்பம்."

"உங்களுக்கு விசரா அத்தான்? சாகவா பாக்கீங்க?" வாயில வந்தபடி ஏசினன்.

அவர் கோவிக்கல்ல. யன்னல் பக்கம் திரும்பிப் படுத்தார்.

"நீங்க எல்லாரும் அவன்ட குரலக் கேட்டிட்டீங்க," எண்டார். "நான் மட்டுந்தானே கேக்கல்ல."