முந்திப் படுத்த நாய்

பிப்ரவரி ஒன்பதாம் தேதி காலை, நகராட்சி உள்விளையாட்டரங்கின் இரண்டாவது களத்தில் நடந்த நாய்களுக்கான கீழ்ப்படிதல் போட்டியில், துரை என்ற நான்கு வயது கோல்டன் ரெட்ரீவர் கை காட்டும் முன்பே படுத்தது. நடுவர் பூஜ்யம் போட்டார். ஏதாவது ஒரு பயிற்சியில் பூஜ்யம் வாங்கிய நாய்க்கு அன்று பட்டம் கிடையாது.

அந்தப் பயிற்சி பார்ப்பதற்கு ஒன்றுமில்லாதது போல இருக்கும். நாயைக் களத்தின் ஒரு முனையில் நிற்க வைத்துவிட்டு அதை வளர்ப்பவர் எதிர்முனைக்குப் போய் நிற்க வேண்டும். வாயைத் திறக்கக் கூடாது. படு, உட்கார், வா என்ற மூன்றையும் கையாலேயே சொல்ல வேண்டும். நடுவர் தலையசைத்த பிறகுதான் கை அசையலாம். கை அசைந்த பிறகுதான் நாய் அசையலாம்.

துரையை வளர்த்தவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். குட்டியாக அட்டைப்பெட்டியில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்த நாளிலிருந்து அதற்குத் தட்டில் சோறு வைக்கவில்லை. எல்லாம் கையால்தான். முகத்தை நிமிர்ந்து பார்த்தால் ஒரு வாய், பார்க்காவிட்டால் கை மூடிக்கொள்ளும். முதல் வருடம் முழுக்க அவர் சொல்லிக்கொடுத்தது இது ஒன்றைத்தான்: என்னைப் பார். தூக்கிப்போட்ட மர டம்பெல்லைக் கவ்வி எடுத்துவருவது, தடுப்பைத் தாண்டுவது எல்லாம் அதற்குப் பிறகு.

நாய்ப் பயிற்சி கிளப்பில் மற்றவர்கள் கையைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டுவார்கள். அவருக்கு அது பிடிக்காது. "நாய்க்கென்ன கண்ணா தெரியல? ஏன் விமானத்தை எறக்கற மாதிரி ஆட்டறீங்க?" என்பார். தன்னுடைய சைகைகளை மாதத்துக்கு மாதம் சுருக்கிக்கொண்டே வந்தார். கடைசியில் 'படு' என்பது தொடையோரம் தொங்கும் வலது கையில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒருமுறை உரசிக்கொள்வது என்ற அளவுக்கு வந்து நின்றது. பக்கத்தில் நிற்பவருக்குக்கூடத் தெரியாது. துரை சரிந்து படுக்கும். பயிற்சி நாட்களில் இதைப் பார்க்கவென்றே ஆட்கள் வந்து நிற்பார்கள்.

நடுவர் ஒரு நடுத்தர வயதுப் பெண். அன்று போட்டியின் இடைவேளையில் கிரேன்காரரைத் தேடி வந்தார்.

"சார், நாய் மேல கோவப்படாதீங்க. உங்க கை அசைஞ்சுது."

"நான் அசைக்கல மேடம்."

"நீங்க அசைக்கலன்னுதான் நானும் நினைக்கிறேன். அதான் சொல்றேன்."

திரும்பும்போது காரை ஓட்டியவர் அவருடைய மைத்துனர், மனைவியின் தம்பி. இருவருக்கும் துறைமுகத்தில் ஒரே ஷிப்ட். கிரேனின் உச்சிக் கூண்டில் இவர் உட்கார்ந்து கன்டெய்னரை இறக்குவார். கீழே லாரியருகே நின்று, இன்னும் இறக்கு, நிறுத்து என்று கைகாட்டுவது மைத்துனரின் வேலை. துரையின் பயிற்சிக்கும் அவர்தான் ஆரம்பத்திலிருந்து எடுபிடி.

"துரை இன்னிக்கு லீவு மூட்ல வந்திருக்காரு போல."

"வாய மூடிட்டு ரோட்டப் பாரு."

"பாத்துட்டுதான் இருக்கேன் மாமா. அந்தம்மா என்ன சொன்னாங்க?"

"அதுக்குக் கண்ணு அவிஞ்சு போச்சு. என் கை ஆடுதாம்."

பின்சீட்டில் இருந்த மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சில மாதங்களாக அவருடைய சட்டையின் மணிக்கட்டுப் பொத்தானை அவள்தான் போட்டுவிடுகிறாள். அவசரம், நேரமாகிவிட்டது என்று அவர் ஏதாவது சொல்வார்.

வீட்டில் அவர் தொலைக்காட்சி முன் உட்காரும்போது வலது கை நாற்காலியின் கைப்பிடிக்கு வெளியே தொங்கும். விரல்கள் கண்ணுக்குத் தெரியாத மாத்திரை ஒன்றை உருட்டுவதுபோல உரசிக்கொண்டே இருக்கும். எதிரே உட்கார்ந்திருக்கும் துரை படுக்கும். விரல்கள் நிற்காது. ஏற்கெனவே படுத்துவிட்ட நாய் அதற்குமேல் என்ன செய்யும்? எழுந்து மறுபடி படுத்துப் பார்க்கும். தாடையைத் தரையோடு ஒட்டிக்கொண்டு மேல்நோக்கி அவர் முகத்தைப் பார்க்கும்.

போட்டிக்கு மறுநாள் முள் காலர் வாங்கி மாட்டினார். சொல்லாமல் படுத்தால் சங்கிலியை ஒரு சுண்டு. கை படு என்றது, சங்கிலி எழு என்றது. துரை கொட்டாவி விட்டது, உதட்டை நக்கிக்கொண்டது, மூன்றாம் வாரம் நின்ற இடத்திலேயே சிறுநீர் கழித்தது. மனைவி துடைப்பத்தோடு வந்தாள்.

"அத ஏங்க இப்படிப் படுத்தறீங்க?"

"திமிரு. இத்தனை நாள் செல்லம் குடுத்தது தலைக்கேறிடுச்சு."

ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளப் மைதானத்தில் அவர் வேறு யாருடனோ பேசிக்கொண்டிருந்தபோது மைத்துனர் துரையின் காலரைக் கழற்றிவிட்டுத் தானே எதிரில் போய் நின்றார். வருடக்கணக்கில் பார்த்த சைகைகள்தான். விரலை உரசினார், படுத்தது. மணிக்கட்டைத் திருப்பினார், உட்கார்ந்தது. பல முறை செய்தும் ஒரு பிழை இல்லை. வேலியோரம் வந்து நின்ற கிரேன்காரர் எல்லாவற்றையும் பார்த்தார்.

"இப்ப நீங்க வந்து நில்லுங்க மாமா. நாயப் பாக்காதீங்க, கையப் பாருங்க."

அவர் நின்றார். கையைத் தூக்கி நேராக நீட்டினார். விரல்கள் கல்போல நின்றன.

"எங்கடா ஆடுது? காட்டு, எங்க ஆடுது?"

"நீட்டினா ஆடல. சும்மா தொங்க விடுங்க."

தொங்கவிட்டார். கொஞ்ச நேரத்தில் துரை படுத்தது. மைத்துனர் அவர் கையைக் காட்ட, இருவரும் குனிந்து பார்த்தார்கள். விரல்கள் உருட்டிக்கொண்டிருந்தன. அவர் உடனே கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

அன்று சாப்பாட்டு மேசையில்தான் பேச்சு வெடித்தது.

"ஒரு தடவ டாக்டர்கிட்ட காட்டிடுங்க மாமா. அவ்வளவுதான் கேக்கறேன்."

"காட்டினா? மறுநாளே லைசென்ஸ வாங்கி வெச்சுக்குவான். கேட்ல உக்காந்து லாரி நம்பர் எழுதச் சொல்லுவான்."

"எழுதினா என்ன, உயிரா போயிடும்?"

"எனக்குப் போயிடும்டா."

"மேல நீங்க உக்காந்திருக்கீங்க. கீழ நிக்கறது நான்."

"லீவரப் பிடிச்சா என் கை ஆடறதில்ல. நீயே பாத்த, நீட்டினா ஆடுச்சா?" அவர் சொன்னது உண்மைதான். அதனாலேயே அவருடைய குரல் உயர்ந்தது. "செப்டம்பர்ல அடுத்த போட்டி. அதுல துரை தப்பு பண்ணட்டும், மறுநாள் ஆஸ்பத்திரிக்கு வரேன். ஒழுங்கா பண்ணிட்டா இந்தப் பேச்ச நீ எடுக்கக் கூடாது."

"நல்லா இருக்கே. இனிமே இந்த வீட்டுக்கு நாய்தான் டாக்டரா?" என்றாள் மனைவி. ஆனால் தம்பியைப் பார்த்த பார்வையில் ஒத்துக்கொள் என்பது இருந்தது. கிரேன் கூண்டு இல்லாத கணவரை அவளால் நினைத்துப்பார்க்க முடியவில்லை. வீட்டில் பகலெல்லாம் அந்த மனிதனை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

மைத்துனர் ஒத்துக்கொண்டார்.

போட்டி நாய்களுக்கு நிலைப்பயிற்சி என்று ஒன்று உண்டு. நாயை நிற்க வைத்துவிட்டுப் பக்கத்தில் பந்தை உருட்டுவார்கள், தட்டைத் தட்டுவார்கள், வேறு ஆளை விட்டுக் கூப்பிடச் சொல்வார்கள். எதற்கும் அசையாத நாய்க்குத் தீனி, அசைந்த நாய்க்குச் சங்கிலி. கிரேன்காரர் தன் வலது கையை வைத்து அந்தப் பயிற்சியைக் கொடுத்தார். மாலை முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து கையைத் தொங்கவிடுவார். விரல்கள் அவை பாட்டுக்கு உருட்டும். எதிரே நிற்கும் துரையின் முட்டி மடங்கினால் ஒரு சுண்டு. மடங்காவிட்டால் ஒரு துண்டு இறைச்சி. உண்மையான கட்டளைகளுக்கு, தான் கேலி செய்த அந்தப் பெரிய சைகைகளை எடுத்துக்கொண்டார். தலைக்கு மேலே தூக்கினால் படு. மார்புக்குக் குறுக்கே வீசினால் வா.

துரை கற்றுக்கொண்டது. அந்தக் கையிடமிருந்து தப்பிக்க அது கண்டுபிடித்த வழி, பார்க்காமல் இருப்பது. முதலில் கண்களை அவர் தோளுக்குத் தூக்கிக்கொண்டது, பிறகு அவருக்குப் பின்னால் இருந்த சுவருக்கு. பெரிய கை எழும்போது பார்வையின் ஓரத்தில் அது தெரியும், அது போதும். ஒரு வருடம் கையால் ஊட்டிப் பழக்கியது ஜூலை முடிவதற்குள் போய்விட்டது.

முன்பெல்லாம் அவர் ஷிப்ட் முடிந்து கதவைத் திறக்கும்போது ஏதாவது ஒன்றை வாயில் கவ்விக்கொண்டு ஓடிவரும், செருப்போ, காலுறையோ, ஒருமுறை மனைவியின் கைப்பை. இப்போது மேசைக்கடியில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தது.

"ஏங்க, அது உங்களப் பாக்கவே மாட்டேங்குது."

"அதான் வேணும்."

செப்டம்பர் போட்டியில் நடுவர் வேறு ஆள். துரை நின்றது. கை உயர்ந்ததும் படுத்தது, உட்கார்ந்தது, வந்தது. எல்லாவற்றிலும் ஒரு தாமதம் இருந்ததால் மதிப்பெண் குறைந்தது. ஆனாலும் பட்டத்துக்குப் போதுமானது. கிளப்காரர்கள் கைதட்டினார்கள். "என்ன சார், நீங்களும் விமானம் எறக்க ஆரம்பிச்சிட்டீங்க!" என்றார் ஒருவர். அவர் வாய்விட்டுச் சிரித்தார். படம் எடுக்கும்போது துரையின் முகத்தைக் கேமரா பக்கம் திருப்பிப் பிடிக்க வேண்டியிருந்தது.

மைத்துனர் தடுப்புக்குப் பின்னால் நின்று கடைசிவரை நாயைப் பார்க்கவில்லை. ஒவ்வொரு சைகைக்கும் இடையே தொடையோரம் இறங்கி நின்ற கையைத்தான் பார்த்தார்.

நடைவழியில் அக்கா அவரை நிறுத்தினாள்.

"கை எப்படிடா இருந்துச்சு?"

"நாய் ஒழுங்கா பண்ணிடுச்சுக்கா."

"நான் கேட்டது அது இல்ல."

"தெரியுது. நாம பேசினது அதானே."

காருக்கு அருகே கிரேன்காரர் பட்டத்தின் ரிப்பனைச் சட்டைப்பையில் மடித்து வைத்துக்கொண்டிருந்தார்.

"என்ன மாப்ளே, பேச்சு பேச்சுதானே?"

"பேச்சு பேச்சுதான் மாமா."

அவருடைய முகத்தில் தெரிந்தது வெற்றி இல்லை, நிம்மதி. கையில் ஒன்றுமில்லை என்று நாயே சொல்லிவிட்டதாக அவர் நம்பினார். சோதனையை அவரே தயாரித்தார் என்பது அவருக்கு மறந்தேபோயிருந்தது, அல்லது மறக்க முடிந்திருந்தது. வழிநெடுக வாய் ஓயாமல் பேசினார். அடுத்த வருடம் இன்னும் பெரிய போட்டிக்குப் போகலாம் என்றார்.

நவம்பர் பதினேழாம் தேதி பிற்பகல் ஷிப்டில் நாற்பதடி கன்டெய்னர் ஒன்று லாரியின் மேல் கோணலாக இறங்கியது. மைத்துனர் நிறுத்தச் சொல்லிக் கையை உயர்த்தினார். கன்டெய்னர் தொடர்ந்து இறங்கி, லாரியின் விளிம்பில் சறுக்கி, மைத்துனரை லாரிச் சக்கரத்தோடு சேர்த்து அழுத்தியது. விசாரணைக் குழு கம்பிவடத்தையும் பிரேக்கையும் பரிசோதித்தது. இரண்டிலும் குறை இல்லை. கைகாட்டியது சரியான நேரத்தில்தான் என்றும், லீவர் தாமதமாகத் திருப்பப்பட்டது என்றும் குழு முடிவு செய்தது. கிரேன்காரரை மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். நரம்பு மருத்துவர் அவரைக் கைகளை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்காரச் சொன்னார். சும்மா இருக்கும் கையை ஆட்டி, அசைய வேண்டிய கையை மந்தமாக்கும் நடுக்குவாதம் என்றார். இது ஒன்றரை, இரண்டு வருடங்களாகவே இருந்திருக்கும் என்றார்.

மைத்துனரின் வலது கால் முழங்காலுக்கு மேலே எடுக்கப்பட்டது.