மழையில் நிழல் தராத மரம்

முதல் மழை விட்டதும் ஊரே மண்வெட்டியோடு வயலில் இறங்கியிருந்தது. எலூபே குனிந்து துவரை விதைகளைப் போட்டுக்கொண்டே வந்தாள். மண்ணை நீள மேடாக அணைத்த பாருக்குப் பார் மக்காச்சோளம், இடையிடையே துவரை. குழி கொத்திக்கொண்டு முன்னால் போனவன் அவள் புருஷன் வைசன். அவன் வேலை செய்யும் அழகைப் பார்த்தால் அவள் மனசு குளிரும். வயல் ஓரத்தில் மண் பைகளில் காத்திருந்த கன்றுகளைப் பார்த்தாலோ அதே மனசு சுருங்கிப்போகும்.

ம்சாங்கு மரக் கன்றுகள். கோடை முழுக்க அவளே தண்ணீர் சுமந்து வளர்த்தவை. மழைக்காலத்தில் இலையெல்லாம் உதிர்த்து மொட்டையாக நிற்கும் விசித்திர மரம் அது. கீழே வளரும் மக்காச்சோளத்துக்கு வெயில் தடைபடாது. உதிர்ந்த இலையே எரு. களைத்துப்போன அவள் நிலத்துக்கு அதைவிட நல்ல மருந்து கிடையாது. ஆனால் பலன் தெரியப் பத்து வருஷமாவது ஆகும்.

அங்கேதான் வைசன் நழுவினான். கன்றை நடச் சொன்னால், "அப்புறம் பார்க்கலாம்."

லிலோங்வே பக்கத்து ஊர்களில் நிலம் பெண் வழியில்தான் வரும். கல்யாணம் ஆனால் மாப்பிள்ளைதான் பெண்டாட்டி ஊருக்கு வர வேண்டும். ஒத்துவரவில்லையென்றால் பாயைச் சுருட்டிக்கொண்டு தன் அம்மா ஊருக்குப் போய்விடுவான். எலூபேயின் அக்கா புருஷன் அப்படித்தான் போனான். அடுத்த ஆகஸ்டுக்குள் அறுத்துவிடலாம் என்ற துவரையை மட்டும் ஆசையாக விதைக்கிறவன், பத்து வருஷ மரத்தை ஏன் தொடவில்லை என்று அவளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

மத்தியானம் வயல் ஓரத்தில் உட்கார்ந்து களியும், நிலக்கடலைப் பொடி போட்ட பூசணிக் கீரையும் சாப்பிட்டார்கள். எங்கிருந்தோ ஒரு ஆடு வந்து கன்றில் வாய் வைத்தது. வைசன் கையிலிருந்த களியை அப்படியே போட்டுவிட்டு ஓடினான். ஆட்டை விரட்டி, கடிபட்ட கன்றை எடுத்து, அதன் தண்டைப் பிள்ளையைத் தடவுவதுபோலத் தடவினான்.

எலூபேக்குப் பொறுக்கவில்லை. "நடறதுக்கு மட்டும் கை வராது. ஆட்டை விரட்ட மட்டும் காலு வரும், இல்ல?"

வைசன் கன்றின் கடிபட்ட நுனியைக் கிள்ளி எறிந்தான்.

"பாயைச் சுருட்டற எண்ணம் இருந்தா இப்பவே சொல்லிடுங்க. நானே மடிச்சுக் கொடுக்கறேன்."

"யாரு போறா? என்ன பேசற நீ?"

"பின்ன ஏன் மரம் வைக்க மாட்டேங்கறீங்க?"

அவன் கன்றைக் கீழே வைத்தான். "மரம் வைக்கிறவன் நிலத்துக்கு அடி போடறான்னு சொல்ல மாட்டாங்களா? வந்த மாப்ள வேரை இறக்கறான்னு உங்க மாமா என்னைத் துரத்திவிட்டா? மரம் போனாப் போகுது. உன்னை விட்டுட்டு நான் எங்க போவேன் எலூபே?"

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. கண்ணைத் துடைத்துக்கொண்டு பக்கத்து வயலைப் பார்த்துக் கத்தினாள்.

"மாமா! கொஞ்சம் இங்க வாங்க!"

அவள் அம்மாவின் தம்பி கப்பிங்கா மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். குடும்பத்து நில விஷயத்தில் அவர் சொல்தான் சொல்.

"என்னம்மா, அவன் அடிச்சானா, நீ அடிச்சியா?"

"இந்த மரத்தை நட்டா நீங்க இவரை விரட்டிடுவீங்களாம்."

கப்பிங்கா வைசனை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு அவன் பிடித்த பார்களைப் பார்த்தார்.

"ஏன் மாப்ளே, இவ்வளவு நேரா பார் பிடிக்கிறவனை விரட்டிட்டு, வேற ஆளுக்கு நான் எந்த ஊர்ல போய் அலையறது? நிலம் அவளுது, மரமும் அவளுதாவே இருக்கட்டும். வைக்கிறது நீ. யாராவது கேட்டா கப்பிங்கா சொன்னான்னு சொல்லு." போகும்போது திரும்பி, "என் வயலுக்கும் நாலு கன்னு மிச்சம் வை" என்றார்.

வைசன் குழி வெட்டினான். எலூபே பையைக் கிழித்து, மண் உதிராமல் கன்றை இறக்கினாள். இருவரும் சேர்ந்து ஈர மண்ணை அணைத்தபோது அவன் விரல்கள் அவள் விரல்களின்மேல் கொஞ்சம் அதிக நேரமே தங்கின.

"மழையில நிழல் தராத மரம். கோடையிலதான் இலை விடும்" என்றான். "கோடையில வயல்ல நமக்கு என்ன வேலை?"

"ஒரு வேலையும் இல்ல. அடியில பாயை விரிச்சுப் படுத்துக்கலாம்."

"பத்து வருஷத்துல அந்தப் பாய் கிழிஞ்சிடுமே."

"புதுசு முடையறேன். நீங்க அடுத்த குழியை வெட்டுங்க."