தீர்க்கதரிசியின் கெண்டைக்கால்

மனித குலத்தின் நன்மையை முன்னிட்டு, பொறுப்புள்ள ஒரு குடிமகன் என்ற முறையில், நான் இன்று ஓர் உண்மையை உலகுக்கு அறிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறேன். இனிமேலும் இதை மூடி மறைத்தால் வருங்காலச் சந்ததி என்னைச் சும்மா விடாது. அந்த உண்மை இதுதான்: எங்கள் ஊர் ஓட்டுநர் தேர்வு அதிகாரியின் வலது கெண்டைக்கால் துடிக்கிறது.

சாதாரண ஆட்களுக்கும் கெண்டைக்கால் துடிக்கும். கண்ணிமை துடிக்கும், கட்டைவிரல் தனியாக ஆடும், நல்ல வெயிலில் நிற்கும்போதே முதுகில் ஒரு சிலிர்ப்பு ஓடும். நாமெல்லாம் அந்த இடத்தைச் சொறிந்துவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவோம். அதிகாரி அப்படிப்பட்டவரல்ல. அவருக்குக் கால் துடித்தால் அதற்கு அர்த்தம் உண்டு, பின்விளைவு உண்டு, படிவத்தில் ஒரு கட்டமும் உண்டு.

நான் டிரைவிங் ஸ்கூல் வைத்திருக்கிறேன். ஒரே கார், அதில் இரண்டு பிரேக். ஒன்று ஓட்டக் கற்றுக்கொள்பவருக்கு. மற்றது பக்கத்து இருக்கையில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவருக்கு. பாடம் நடக்கும்போது அந்த இருக்கையில் நான். தேர்வு நடக்கும்போது அதிகாரி. நான் பின் இருக்கையில், வாயைத் திறக்காமல். திறந்தால் தேர்வு ரத்து. பக்கத்து பிரேக் ஓர் இம்மி அழுந்தினாலும் ‘கீச்’ என்று ஒலிப்பான் கத்தும். கத்திவிட்டால் மறுபேச்சே கிடையாது: அதிகாரி குறுக்கிட வேண்டி வந்தது, ஆகவே தோல்வி. நல்ல விதிதான். அதை எழுதியவர்கள், அதிகாரிக்கும் உடம்பு என்று ஒன்று இருக்கும் என்பதை மட்டும் மறந்துவிட்டார்கள்.

காலைத் தரையில், பிரேக்குக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது முறை. எங்கள் அதிகாரி பிரேக்கின் மேலேயே வைத்திருப்பார். கேட்டால் “தயார் நிலை” என்பார். ஆறு மாதத்துக்கு முன்பு ஒருநாள் அந்தக் கால் தானாகத் துடித்தது. கீச். அதே நொடியில் ஒரு சந்திலிருந்து சைக்கிள் ஒன்று குறுக்கே பாய்ந்தது. அவ்வளவுதான், பிறந்தது ஞானம். “எனக்குத் தெரியாதது என் காலுக்குத் தெரிஞ்சிருக்கு பாருங்க” என்று அலுவலகத்தில் மேசை மேசையாகப் போய்ச் சொன்னார்.

அதற்குப் பிறகு கால் எத்தனையோ தடவை துடித்துவிட்டது. சைக்கிள் ஒருதடவைகூட வரவில்லை. அதனால் என்ன? வராத சைக்கிள்கள் எல்லாம் அந்தக் கால் தடுத்து நிறுத்திய சைக்கிள்கள். டிரைவிங் ஸ்கூல்காரர்கள் நாங்கள் கூடிப் பேசி அவருக்குத் ‘தீர்க்கதரிசி’ என்று பெயர் வைத்தோம். கேலியாகத்தான் வைத்தோம். விஷயம் அவர் காதுக்குப் போனது. பெருந்தன்மையோடு ஏற்றுக்கொண்டார்.

என் மாணவர்களில் அந்தக் காலிடம் அதிகம் அடிபட்டவள் ஒரு நர்ஸ். கை சுத்தம், கண் சுத்தம், கண்ணாடி பார்க்காமல் இண்டிகேட்டர் போடமாட்டாள். மூன்று தடவை தோல்வி. படிவத்தில் ‘தவிர்க்கப்பட்ட ஆபத்து’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. முதல் தடவை அதில் அதிகாரி ‘தெருமுனையில் நாய், உறங்கும் நிலையில்’ என்று எழுதினார். இரண்டாம் தடவை ‘பறக்கும் பிளாஸ்டிக் பை’. மூன்றாம் தடவை எழுத ஒன்றும் அகப்படாமல் ‘பின்னர் தெரியவரும்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அவளுக்கு நாலு வருஷமாக ஆஸ்பத்திரியில் இரவுப் பணி. மகளுக்கும் வயது நாலு. மகள் விழித்திருக்கும்போது அம்மா தூங்குவாள். அம்மா எழுந்து கிளம்பும்போது மகள் தூங்கப் போவாள். இப்போது பகல் வேலை ஒன்று காலியாகியிருந்தது, காரை ஓட்டிக்கொண்டு வீடு வீடாகப் போய்ப் படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. அவளுக்கே தருவதாகச் சொல்லியிருந்தார்கள். ஒரே நிபந்தனை: திங்கட்கிழமை காலை ஓட்டுநர் உரிமத்தோடு வந்து நிற்க வேண்டும். இல்லையென்றால் வரிசையில் அடுத்தவருக்கு. அன்று வெள்ளிக்கிழமை. நான்காவது தேர்வு.

“மாஸ்டர், நேத்து என் பொண்ணு என்னைப் படம் வரைஞ்சா,” என்றாள், தேர்வு மைதானத்தில் காத்திருந்தபோது. “கண்ணை மூடிப் படுத்திருக்கற மாதிரி.”

“நல்லா வந்திருக்கா?”

“போர்வை அச்சு அசலா வந்திருக்கு.”

தீர்க்கதரிசி வந்தார். ஒரு கையில் படிவ அட்டை, மறு கையில் மூடி போட்ட பெரிய காபிக் கோப்பை. உட்கார்ந்தார், பெல்ட் போட்டார், வலது காலை பிரேக்கின் மேல் எழுந்தருளச் செய்தார். நல்லவேளை, எஞ்சினைக் கிளப்பினால்தான் தேர்வு ஆரம்பம். அதற்கு முன்னால் கத்தும் கீச் எல்லாம் கணக்கில் வராது. வராத கணக்கில் அதற்குள் இரண்டு ஆகியிருந்தது.

“நாலாவது தடவை இல்ல?” என்றார். “விடாமுயற்சி நல்லதும்மா. ஆனா கால்னு ஒண்ணு இருக்கே.”

“எனக்கும் ரெண்டு இருக்கு சார்.”

“உங்க கால் மிதிக்கும்மா. என் கால் உணரும்.”

அவள் குனிந்து பார்த்தாள். பேன்ட்டுக்குள் சுண்டெலி மாட்டிக்கொண்ட மாதிரி துணி விட்டுவிட்டு ஆடிக்கொண்டிருந்தது.

“சார், இது எத்தனாவது காபி?”

“அஞ்சு. ஏன்?”

“ராத்திரி தூக்கமெல்லாம்?”

“எங்கம்மா தூங்கறது? அடுத்த வாரம் தலைமை அலுவலகத்துல பேசக் கூப்பிட்டிருக்காங்க. ‘உள்ளுணர்வும் சாலைப் பாதுகாப்பும்’. உட்கார்ந்து எழுதிக்கிட்டே இருக்கேன்.”

“அதான் சார். காபி, தூக்கமில்லாதது, கவலை, ஒரே இடத்துல உட்கார்ந்தே கிடக்கறது. நரம்பு தானா ஒரு தட்டு தட்டும், தசை துடிக்கும். பெரும்பாலும் ஒண்ணுமில்ல. கால் பலமில்லாம போற மாதிரி இருந்தா மட்டும் டாக்டர்கிட்ட காட்டுங்க.”

பின் இருக்கையில் நான் சட்டைக் காலரைக் கடித்துக்கொண்டேன். தீர்க்கதரிசி கோபித்துக்கொள்வார் என்று பார்த்தால், குறுக்கு விசாரணைக்கு இறங்கிவிட்டார்.

“சரி, அதை விடுங்க. சிலசமயம் குளிரே இல்லாம உடம்பு ஒரு உலுக்கு உலுக்குது. தோள்லேர்ந்து கீழ வரைக்கும். அதுக்கு என்ன சொல்றீங்க?”

“அதுக்குப் பல காரணம் இருக்கு சார். உடம்புச் சூடு கொஞ்சம் இறங்கியிருக்கும். உள்ளுக்குள்ள ஏதாவது பயம், பதற்றம் இருக்கும். சிலசமயம் ஏன்னு யாருக்குமே தெரியாது.”

உள்ளதைச் சொன்னாள். அங்கேதான் தப்புப் பண்ணினாள். ‘தெரியாது’ என்று யாராவது நேர்மையாகச் சொல்லிக் காலி செய்யும் இடத்தில், உடனே ஒருவர் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார். தீர்க்கதரிசியின் முகம் மலர்ந்தது.

“யாருக்கும் தெரியாதுன்னு நீங்களே சொல்றீங்க. எனக்குத் தெரியும்னு நான் சொல்றேன். இப்ப யார் பக்கம் நியாயம்?”

 ஆஸ்பத்திரியில் முரண்டு பிடிக்கும் நோயாளிகளிடம் பேசும் குரலுக்கு மாறினாள். “ஒண்ணே ஒண்ணு செய்ங்க சார். குதிகாலைத் தரையில ஊன்றி, கால் விரலை உங்க பக்கமா இழுத்துப் பிடிங்க. தசை நீளும். கொஞ்ச நேரத்துல அடங்கிடும்.”

“அடங்காது.”

“செஞ்சுதான் பாருங்களேன்.”

“அடங்காதுங்கறதை நிரூபிக்கறதுக்காகச் செய்யறேன்,” என்று காலைத் தரைக்கு இறக்கினார். ஆறு மாதத்தில் முதல் தடவையாக அந்த பிரேக்குக்கு மூச்சு வந்தது. “கிளப்புங்க வண்டியை.”

கிளப்பினாள். இருபது நிமிஷம். நான் அதற்கு முன்பும் பின்பும் அப்படி ஓர் ஓட்டத்தைப் பார்த்ததில்லை. சிக்னலில் கோட்டுக்கு ஒரு சாண் முன்னால் நின்றாள். பள்ளிக்கூட வாசலில் ஊர்ந்தாள். மேட்டில் நிறுத்தி எடுத்தபோது வண்டி பின்னால் ஓர் அங்குலம் நகரவில்லை. இரண்டு லாரிகளுக்கு நடுவே ரிவர்ஸ் எடுத்து நிறுத்தியபோது எனக்கே கைதட்ட வேண்டும் போலிருந்தது. கைதட்டுவது பேசுவதில் சேருமா என்ற சந்தேகத்தில் விட்டுவிட்டேன். பக்கத்து இருக்கையில் தீர்க்கதரிசி கால் விரலை இழுத்துப் பிடித்தபடி, ரயில் வராத தண்டவாளத்தைப் பார்ப்பவர் போலத் தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். அது அடங்கிவிட்டிருந்தது. ஐந்து வருஷம் பேசிவிட்டுத் திடீரென்று வாயை மூடிக்கொண்ட மனைவியைப் பார்க்கும் கணவனின் கலக்கம் அவர் முகத்தில்.

மைதானத்துக்குத் திரும்பினோம். சுவரைப் பார்த்து நிறுத்தினாள். ஹேண்ட் பிரேக். எஞ்சினை அணைத்தாள். சாவியை உருவி மடியில் வைத்துக்கொண்டாள்.

அவர் பெருமூச்சு விட்டார். “குறை சொல்ல ஒண்ணுமில்ல,” என்றார், பல்லைப் பிடுங்கிக் கொடுப்பவர் போல. பேனாவை எடுத்து ‘தேர்ச்சி’ என்ற கட்டத்துக்குக் கொண்டுபோனார். எழுத வாகாக உட்கார வேண்டுமே. காலைத் தளர்த்தி, பழக்க தோஷத்தில் பிரேக்கின் மேல் தூக்கி வைத்தார். கெண்டைக்கால் துடித்தது.

கீச்.

சாவியை உருவினாலும் கத்தும்படி ஒலிப்பானை பேட்டரியோடு நேராக இணைத்த மகாபாவி நான்தான். மூவரும் அசையவில்லை. பேனா மட்டும் ‘தேர்ச்சி’யிலிருந்து கிளம்பி ‘தோல்வி’யை நோக்கி மெதுவாக நகர்ந்தது.

“சார், வண்டி நிக்குது,” என்றாள். மடியில் இருந்த சாவியை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

“வண்டி நிக்கலாம்மா. ஆபத்து நிக்குமா?”

‘தவிர்க்கப்பட்ட ஆபத்து’ கட்டத்துக்கு வந்தார். எதிரே பார்த்தார். சுவர். இடது பக்கம் பார்த்தார். காலி மைதானம். நாய்கூட இல்லை. ‘பின்னர் தெரியவரும்’ என்பதை ஏற்கெனவே அவளுக்குக் கொடுத்தாகிவிட்டது. அதே ஆளுக்கு இரண்டாம் தடவை எழுதினால் தலைமை அலுவலகத்தில் கேட்பார்கள். நெற்றி வேர்த்தது.

படிவ அட்டையின் பின்பக்கம் பொடி எழுத்தில் விதிகள் இருக்கும். எஞ்சினைக் கிளப்புவதில் தொடங்கி, சாவியை எடுப்பதோடு தேர்வு முடியும் என்பது அதில் ஏழாவது. பதினோரு வருஷமாக எனக்கு மனப்பாடம். சொல்ல வேண்டுமென்றால் வாயைத் திறக்க வேண்டும். தேர்வு முடியவில்லை என்று அவர் முடிவு செய்தால், நான் திறந்த வாயே அவளுக்கு எமன். திறந்தேன்.

“சார், சாவி எடுத்தாச்சு.”

“நீங்க பேசக்கூடாது மாஸ்டர்!”

“தேர்வு முடிஞ்சாச்சு சார், அதான் பேசறேன். ஏழாவது விதி.”

அட்டையைத் திருப்பிப் படித்தார். இரண்டு தடவை படித்தார். “அப்படின்னா…” என்றார். மனிதர் நிஜமாகவே உடைந்துபோயிருந்தார். “அப்படின்னா கால் எதுக்குத் துடிச்சுது?”

காபிக்கு என்று அவள் சொல்லவில்லை. நல்லவள். நான் நல்லவனல்ல. மைதானத்தின் வாசலில் அடுத்த தேர்வுக்காக ஒரு பேக்கரிக்காரர், போட்டி டிரைவிங் ஸ்கூலின் மாணவர், காரைத் துடைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

“சார்,” என்றேன், “அடுத்த ஆள் அதோ நிக்கறார்.”

தீர்க்கதரிசி திரும்பிப் பார்த்தார். பேக்கரிக்காரர் பல் தெரியச் சிரித்து, கும்பிடு போட்டார். தீர்க்கதரிசிக்குத் தோளிலிருந்து கீழ்வரைக்கும் ஓர் உலுக்கு உலுக்கியது.

“பார்த்தீங்களா!” என்றார் என் கையைப் பிடித்துக்கொண்டு. “ஆள் வண்டியில ஏறவே இல்ல, அதுக்குள்ள சொல்லுது மாஸ்டர்! இது உரையில கட்டாயம் வரணும்!”

அவளுக்குத் ‘தேர்ச்சி’ என்று எழுதித் தற்காலிக உரிமச் சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். அதே வேகத்தில் அடுத்த படிவத்தை எடுத்தார்.

வெளியே வந்ததும் அவள் சீட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கொஞ்சம் அழுதாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, “மாஸ்டர், அந்தப் பேக்கரிக்காரர் பாவமில்லையா?” என்றாள்.

“பாவம்தான்மா.”

“அப்புறம் ஏன் அப்படிப் பண்ணீங்க?”

“அவர் என்கிட்ட படிக்கலையே.”

திங்கட்கிழமை காலை அவள் உரிமச் சீட்டோடு போய் நின்றாள். பகல் வேலை கிடைத்தது. அந்த வேலைக்கான காரை ஆஸ்பத்திரி இன்னும் வாங்கவில்லை; அவள் பஸ்ஸில் போய் வருகிறாள்.