பச்சை மீசை

தாமரைக்கு வாய் கொஞ்சம் முந்திக்கொள்ளும். இல்லாவிட்டால், சிறுநீரகம் கெட்டுப்போன புருஷன் இனி ஒரு நாளைக்கு இரண்டு கிளாசுக்கு மேல் எதுவும் குடிக்கக்கூடாது என்று டாக்டர் சொன்ன அன்றைக்கே, நாத்தனார்களை வைத்துக்கொண்டு மாரியம்மன் படத்தின் முன்னால், "இனிமே அவரு குடிக்கிற அளவுதான் எனக்கும்" என்று வாக்குக் கொடுத்திருப்பாளா? நாத்தனார்கள் உருகிப்போனார்கள். அவளுக்கும் உள்ளுக்குள் பெருமைதான்.

மலேசியாவின் கிள்ளான் வெயிலில் பெருமை எத்தனை நாள் நிற்கும்? ஆனாலும் சொன்ன வாக்கைக் காப்பாற்றினாள். லோரி ஓட்டிய காலத்தில் பெரிய பெரிய குவளையாக நுரை பொங்கும் தே தாரேக் டீ குடித்த புருஷன் சுகுமாறன்தான் அவளைப் பார்த்து நொந்துகொள்வார். "ஒனக்கு என்னா தலையெழுத்து லா? நீ குடி" என்பார். அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

இன்று காலை டயாலிசிஸ் சென்டரில் அவருக்கு எடை கூடியிருந்தது.

"அங்கிள், தண்ணி நெறைய குடிச்சீங்களா?" என்றாள் நர்ஸ் மாதவி.

"ரெண்டு ஐஸ்கட்டி வாயில போட்டேன் மிசி, அவ்வளவுதான்."

தாமரை பிடித்துக்கொண்டாள். "நான் நாக்கு வறண்டு கெடக்கேன். ஒங்களால அடக்க முடியலையா? மனுசனா நீங்க?" பக்கத்துக் கட்டில்காரர்கூடத் திரும்பிப் பார்த்தார். சுகுமாறன் கையை நர்ஸிடம் நீட்டினார்.

அவருக்கு ரத்தம் சுத்தமாகி முடிய மத்தியானம் ஆகிவிடும். ரொட்டி வாங்கலாம் என்று வெளியே வந்தவள், ஏர்கோன் குளிருக்காகக் கடைக்குள் கொஞ்சம் அதிக நேரமே நின்றாள். குளிர்பெட்டியில் பச்சை பச்சையாகப் போத்தல்கள் வேர்த்திருந்தன. மாட்சா, பச்சைத் தேயிலைப் பொடி கலந்த பால். அக்காள் மகள் போனில் படம் படமாக அனுப்பும் அதே சாமான். ஒரு வாய் ருசி பார்த்தால் குடியா முழுகிவிடும் என்று நினைத்தாள்.

வாங்கி, கடைக்கு வெளியே ஐந்தடி நடைபாதையில் நின்று அதைக் குடித்தாள். முதல் வாய் பச்சிலைச் சாறு போலக் கசந்தது. அடுத்த வாயில் பால் இனித்தது. அப்புறம் ருசியே தெரியவில்லை, சில்லென்று நெஞ்சுக்குள் இறங்கியது மட்டும்தான் தெரிந்தது. நிமிர்ந்தபோது போத்தல் காலி. வெட்கமும் பயமும் ஒன்றாக வந்தன. காலையில் அத்தனை பேர் முன்னால் அவரைக் கிழித்தது நானா என்று கூசிப்போனாள். போத்தலைக் குப்பைத் தொட்டியில் அடியில் தள்ளி, மேலே பழைய பேப்பரை இழுத்து மூடினாள்.

திரும்பி வந்தபோது சுகுமாறன் கையில் பிளாஸ்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முடித்தவர்களுக்கு அங்கே ஒரு சின்னக் கப்பில் மைலோ கொடுப்பார்கள். அதில் சரிபாதி அப்படியே இருந்தது.

"இந்தா, ஒனக்குத்தான் வெச்சேன்."

"வேணாங்க. நீங்க குடிங்க."

"காலைலேர்ந்து நீயும் ஒண்ணும் குடிக்கல. பிடி லா."

வேண்டாம் என்றால் காரணம் சொல்ல வேண்டும். நிரம்பிய வயிற்றோடு அவருடைய பங்கை மடமடவென்று விழுங்கினாள். விஷத்தைக் குடித்திருந்தால்கூட அவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது.

காலிக் கப்பை அவர் வாங்கிக்கொண்டார். அண்ணாந்து, அடியில் நின்ற கடைசிச் சொட்டை நாக்கில் விட்டுக்கொண்டார். பிறகு கட்டைவிரலால் அவள் மேலுதட்டைத் துடைத்து, விரலைப் பார்த்தார். பச்சை.

தாமரைக்கு உயிரே போய்விட்டது. "ஏங்க, நான்..."

அவர் கோபப்படவில்லை. கொஞ்சம் கிட்டே வந்து, ரகசியம் கேட்பவரைப் போல ஆசையோடு கேட்டார்.

"நல்லா சில்லுன்னு இருந்துச்சா?"