மூன்றாவது தூணில் குடியிருப்பவள்

எங்கள் ஊர்க் கல்பாலத்தின் மூன்றாவது தூணுக்குள் ஒரு பெண் இருக்கிறாள். நானூறு வருஷமாக இருக்கிறாள். பாலம் கட்டக் கட்ட மூன்று தடவை இடிந்து விழுந்ததாம். உள்ளே ஒரு பெண்ணை நிற்க வைத்துக் கட்டினால் நிற்கும் என்று தலைமைக் கொத்தனார் சொன்னாராம். பாலம் நின்றுவிட்டது. அவள் சம்மதித்து, சிரித்த முகத்தோடு உள்ளே போனாள் என்று பாலத்தடியில் பலகையே எழுதி வைத்திருக்கிறார்கள். சுவர் எழுப்பிய பிறகு அந்தச் சிரிப்பை எவன் எட்டிப் பார்த்தான் என்று பள்ளிக்கூடத்தில் கேட்டு, வாத்தியாரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அவள் யார் என்பதில் ஊருக்குள் ஓயாத சண்டை. அவள் கையில் மாவு ஒட்டியிருந்தது என்பார் ரொட்டிக் கடைக்காரர். இல்லை, ரவிக்கையில் ஊசி குத்தியிருந்தாள் என்பார் தையல்காரர். அவளுக்குக் கடைவாய்ப் பல் வலி என்று பல் வைத்தியர் சத்தியம் செய்வார். தூணில் காது வைத்துக் கேட்டாராம். பெயர் மட்டும் யாருக்கும் தெரியாது. அதைப் பற்றி யாரும் சண்டை போட்டதும் இல்லை.

எனக்கு அவளோடு ஒரு வம்பும் கிடையாது, நான் ஊரை விட்டுக் கிளம்ப முடிவு செய்யும்வரை. மூக்குக் கண்ணாடிக் கடையில் வில்லை தேய்ப்பது என் வேலை. பதினாறு வருஷம் ஒரே ஸ்டூல், ஒரே சக்கரம். ஊரில் யாருக்கு எந்தக் கண் மங்கல் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். நகரத்தில் ஒரு பெரிய பட்டறையில் வேலை கிடைத்தது. முதல் தேதி வந்து சேரச் சொல்லிவிட்டார்கள். அவர்கள் கேட்டது ஒரே ஒரு காகிதம்: இவரை எங்கள் ஊர் விடுவித்துவிட்டது என்று முத்திரை போட்ட சீட்டு. முத்திரை போடுகிற பதிவாளர் என் சொந்தப் பெரியப்பா. அரை மணி நேரத்தில் முடிந்துவிடும் என்று நினைத்த என் புத்தியைச் சொல்ல வேண்டும்.

முடியாது என்றார் பெரியப்பா. ஊரில் இருப்பது சரியாக ஆயிரம் பேர். ஒரு தலை குறைந்தாலும் ஊர் என்கிற அந்தஸ்து போய்விடும். பேருந்து பாலத்துக்கு அந்தப் பக்கத்திலேயே திரும்பிவிடும், ஆஸ்பத்திரியை மூடிவிடுவார்கள், அவருடைய முத்திரையைப் பிடுங்கிக்கொள்வார்கள். தலை எண்ணுகிற அதிகாரி அடுத்த வாரம் வருகிறார்.

"நீ போனா தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தொம்போது. எல்லாருக்காகவும் கொஞ்சம் பொறுத்துக்கோ, கண்ணு."

எவ்வளவு நாள் என்று கேட்டேன். யாருக்காவது குழந்தை பிறக்கும்வரை என்றார். ஊரில் அப்போது வயிறு தள்ளியிருந்தது பல் வைத்தியர் வீட்டுப் பூனை ஒன்றுதான்.

மறுநாளிலிருந்து கடைக்கு வந்தவர்களெல்லாம் என் பெரிய மனசைப் பாராட்ட ஆரம்பித்தார்கள். நான் சிரித்த முகத்தோடு சம்மதித்துவிட்டேனாம். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஆனால் கத்தி என்ன பிரயோஜனம்? பெரியப்பா கண்ணீருக்கு இரங்க மாட்டார், விதிக்கு இரங்குவார். கடைக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு அவர் அலுவலகத்துக்குப் போய், ஏணி போட்டு, மேல்தட்டில் தூசி மண்டிக் கிடந்த முதல் பதிவேட்டை இறக்கினேன்.

முதல் பக்கம், நாலாவது வரி. பெண். இருப்பிடம்: பாலம், மூன்றாவது தூண். வெளியேறிய தேதி: காலி. இறந்த தேதி: காலி.

மருத்துவர் உடலைப் பார்த்து எழுதிக் கொடுக்காமல் யாரையும் பதிவேட்டிலிருந்து அடிக்கக் கூடாது. அந்த விதியைப் பெரியப்பாவே கொட்டை எழுத்தில் எழுதிச் சுவரில் மாட்டியிருந்தார். அப்படியானால் இவள் இன்னும் இருக்கிறாள்தானே என்று கேட்டேன். பெரியப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடியும் கழற்றித் துடைத்தார். சாயங்காலத்துக்குள் வழிக்கு வந்துவிட்டார். அதிகாரி அவளை ஒரு தலையாக எண்ணிக்கொண்டால் நான் போகலாம்.

அதிகாரி ஒரு மடக்கு நாற்காலியோடு வந்தார். தூணில் குடியிருப்பவர் என்றதும் அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. போன வருஷம் அலமாரிக்குள் இருந்த ஒருவரை எண்ணியிருக்கிறாராம். படிவத்தில் அதற்கும் கட்டம் உண்டாம். கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு ஆற்றில் இறங்கினார், தூணுக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார், கல்லைத் தட்டிவிட்டு மரியாதையாகக் கேட்க ஆரம்பித்தார். ஊரே கரையில் நின்று பதில் சொன்னது. தொழில் என்ன என்றதும் பத்துப் பதில் வந்தது. பல தொழில் என்று எழுதிக்கொண்டார். உறவினர் யார் என்றதும் எல்லாரும் கை தூக்கினார்கள். நோய் உண்டா என்றதும் பல் வைத்தியர் தண்ணீருக்குள்ளேயே இறங்கிவிட்டார்.

கடைசிக் கேள்விக்கு மட்டும் ஒருவர்தான் பதில் சொல்லிக் கையெழுத்துப் போட வேண்டுமாம். எல்லாரும் என்னைத் தள்ளிவிட்டார்கள்.

"இவங்க இங்க இருக்கறது இவங்க இஷ்டப்படியா?"

ஆமாம் என்றால் போதும். வீட்டில் பெட்டி கட்டித் தயாராக இருந்தது. வாயைத் திறந்தேன். நான் சிரித்த முகத்தோடு சம்மதித்ததாக ஒரு வாரம் கேட்ட பாராட்டெல்லாம் ஞாபகம் வந்தது.

"அவங்களை யாரும் கேக்கவே இல்லை சார்," என்றேன்.

பலகையில் எழுதியிருக்கிறதே என்று கரையிலிருந்து பெரியப்பா கத்தினார்.

"அது நாம எழுதினது, பெரியப்பா. இஷ்டமில்லைன்னு போட்டுக்கோங்க சார்."

அதிகாரி அப்படியே போட்டுக்கொண்டார். இஷ்டமில்லாமல் இருப்பவரை எண்ணிக்கையில் சேர்க்கக் கூடாது, அந்த இடத்திலேயே விடுவிப்புச் சீட்டுக் கொடுக்க வேண்டும் என்பது விதி. தொடையில் வைத்து எழுதினார். பெயர்: தெரியாது. வயது: தெரியாது. பெண். பதிவாளர் முத்திரை வைத்தால் செல்லும் என்று சொல்லி, சீட்டைக் கல் இடுக்கில் செருகினார்.

என்னையும் அதே கேள்வி கேளுங்கள் என்று தண்ணீரில் அவர் பின்னாலேயே ஓடினேன். என் படிவம் வந்துவிட்டதே என்று எடுத்துக் காட்டினார். எதற்கும் இருக்கட்டும் என்று, வீட்டுப் பெரியவர் என்ற முறையில் பெரியப்பா முந்தின நாளே நிரப்பியிருந்தார். கடைசிக் கட்டத்தில், மணிமணியான எழுத்தில், ஆம். என்னையும் சேர்த்து ஆயிரம் என்று எழுதிக்கொண்டு அதிகாரி நாற்காலியை மடக்கினார்.

இரண்டு நாள் அழுதேன். மூன்றாம் நாள் காலை, அதாவது முதல் தேதிக்கு முந்தின நாள், ஆற்றில் இறங்கித் தூணுக்கு முன்னால் நின்றேன். சீட்டு அங்கேயே இருந்தது.

"அக்கா, நீங்க போறதா இருந்தா சொல்லுங்க. இல்லன்னா இதை நான் எடுத்துக்கறேன்."

கால் மரத்துப் போகும்வரை காத்திருந்தேன். சீட்டில் இருந்த ஒரே விவரம் பெண் என்பதுதான்; அது எனக்கும் பொருந்தும். நானாவது கேட்டேனே என்ற திருப்தியோடு எடுத்துக்கொண்டேன்.

பேருந்து நிற்குமிடத்தில் பெட்டியோடு கிளம்புகிறவர்களின் சீட்டைச் சரிபார்க்கப் பெரியப்பாவுக்கு ஒரு சின்ன மேஜை உண்டு. என் முறை வந்தது. ஈரம் காயாத சீட்டை நீட்டினேன். நான் தேய்த்துக் கொடுத்த கண்ணாடி வழியாக அதை இரண்டு தடவை படித்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் பிறந்த அன்றே என்னைக் கையில் வாங்கியவர் அவர். பெரியப்பா என்று ஒரு வார்த்தை கூப்பிட்டால் போதும், எல்லாம் கெட்டுவிடும். தூணில் இருப்பவளுக்கு ஏது பெரியப்பா? உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

பெரியப்பா எழுந்து நின்றார்.

"இத்தனை நாளா உங்களை ஒரு வார்த்தை கேக்காம விட்டுட்டோம்," என்றார். "தப்புதான். மனசுல வச்சுக்காதீங்க."

முத்திரை வைத்தார். கடைக்கு உப்பு வாங்கப் போகிறவளைக்கூட, போயிட்டு வா என்று சொல்லி அனுப்புகிற மனுஷன் அவர்.

"போங்க," என்றார்.

ஜன்னலோரம் உட்கார்ந்து, மூன்றாவது தூணைத் தாண்டும்வரை வாய்விட்டு அழுதேன்.